சுவரில் இருக்க வேண்டிய விளக்கு

துபாயில், அல் குசைஸில் சுகந்தாவின் வீட்டுக்கு முதன்முறை வந்தவர்களுக்கு அங்கே ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றும். என்னவென்று உடனே பிடிபடாது. சோபா இருந்தது, டிவி இருந்தது, திரைச்சீலைகள் கூட நல்லவைதான். உட்கார்ந்து தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில்தான் கண் அதைக் கண்டுபிடிக்கும். சுவர்களில் எதுவுமே இல்லை. கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றது. சாமிப் படங்கள் ஒரு சிறிய அலமாரியின் மேல் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கல்யாணப் படம் டிவிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. நாட்காட்டி ஒரு கதவின் கைப்பிடியில் தொங்கியது. அந்த வீட்டில் எல்லாம் எதன்மீதாவது சாய்ந்துகொண்டிருந்தது. எதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

சுவரில் துளை போடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். குடிவந்த முதல் வாரத்திலேயே சுகந்தாவின் கணவர் ஆனந்தராசா அதைச் சொல்லிவிட்டார். "ஆணி, கீணி எண்டு ஒண்டும் அடிச்சுப்போடாதையும். பேந்து வெளிக்கிடேக்க கரைச்சல்." காலி செய்யும்போது தொல்லையாகும் என்றதற்குமேல் சுகந்தா எதுவும் கேட்கவில்லை. வளைகுடாவில் வாடகைக்கு இருப்பவர்களிடம் இப்படிப் பல சட்டங்கள் உண்டு. யார் போட்டது என்று தெரியாது, எல்லோரும் கடைப்பிடிப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் பிறந்தவர் சுகந்தா. அங்கிருந்து சின்ன வயதிலேயே கிளம்பிவிட்டதால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. பிறகு உறவுக்காரர்களின் வீடுகள், வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, கல்யாணம் முடிந்து துபாய் வந்தபோது தேராவில் மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு ஃபிளாட். மகன் லக்சன் பிறந்த பிறகுதான் அல் குசைஸுக்கு வந்தார்கள். தனி வாசல், தனிச் சமையலறை. சுகந்தாவின் ஐம்பது வருட வாழ்க்கையில் அதிக காலம் இருந்த வீடு இதுதான். ஆனால் அதை யாரும் வீடு என்று சொன்னதில்லை. அவரும் "ஃபிளாட்" என்றுதான் சொல்லுவார். வீடு என்பது இனிமேல் வரப்போவது. அதற்காகவே ஒரு டின்னர் செட் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நல்ல படுக்கை விரிப்புகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அவர் வேலை பார்த்தது அல் கூஸில், பழைய ஐரோப்பிய மேசை நாற்காலிகளையும் விளக்குகளையும் விற்கும் ஒரு கடையில். கடை என்று சொன்னால் முதலாளி அம்மாவுக்குப் பிடிக்காது, கேலரி என்பார். அவர் பெய்ரூத்காரி. எல்லோரும் அவரை மதாம் என்றே அழைத்தார்கள். வந்து இறங்கும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது, துடைப்பது, படம் எடுப்பது, வாங்கியவர் வீட்டுக்குப் போகும்வரை கவனிப்பது எல்லாம் சுகந்தாவின் வேலை. வீடுகளில் கொண்டுபோய்ச் சுவரில் பூட்டுவது ராமநாதபுரத்துக் கார்மேகத்தின் வேலை.

அந்தக் கேலரியில் அதிகம் விலைபோனவை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான வருடங்களில் பிரான்ஸில் செய்யப்பட்ட சுவர் விளக்குகள். அவை அழகானவையா என்று கேட்டால் உடனே ஆம் என்று சொல்ல முடியாது. முதலில் பார்க்கும்போது ஏதோ தொழிற்சாலையில் மிஞ்சிய உதிரிப் பாகம் போலத்தான் இருக்கும். கறுப்பு வண்ணம் பூசிய மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று. அதை வாசல் கதவைப்போல இடமும் வலமும் திருப்பலாம். நுனியில் ஒரு பித்தளை மூட்டு. அந்த மூட்டில் மடித்த அலுமினியத் தகட்டாலான ஒரு மூடி, உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு. பூ வேலை இல்லை, கண்ணாடி இல்லை, தொங்கட்டான் இல்லை. எடுத்துவிடக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டபின் எது மிஞ்சுமோ அதுதான் விளக்கு.

வாடிக்கையாளர்களிடம் மதாம் இப்படிச் சொல்லுவார்: போர் முடிந்து வீடுகள் போதாமல் இருந்த காலம். சிறிய அறைகள். ஒரே அறையில் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும், தூங்க வேண்டும். தரையில் இடமில்லை, மேசையிலும் இடமில்லை. ஆகவே விளக்கைச் சுவருக்கு அனுப்பினார்கள். நீளமான கையைக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது மேசைக்கு மேலே இழுத்துக்கொள். படிக்கும்போது கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொள்.

சுகந்தா பொருள்களைத் துடைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இடமில்லாதவர்களுக்காக யோசித்துச் செய்த விளக்கு, ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு நடந்தே களைத்துப்போகும் வில்லாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு குறையாக அவர் சொன்னதில்லை. ஆனால் மதாம் "சிறிய அறை" என்று சொல்லும்போதெல்லாம் அவர் மனதில் தன்னுடைய ஹாலே வந்து நின்றது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதற்கு மேலே நீண்டு வந்து குனியும் ஒரு கை.

ஹாலில் இருந்தது கூரை நடுவில் ஒரு டியூப் லைட். அது சமையலறை வாசலிலும் சோபாவிலும் செருப்பு ராக்கிலும் ஒரே மாதிரி விழும். எங்கும் ஒரே மாதிரி விழும் வெளிச்சத்தில் வீட்டுக்குள் உட்கார ஓர் இடம் என்று தனியாக எதுவும் உண்டாவதில்லை. சுற்றிலும் கொஞ்சம் இருட்டும் வேண்டியிருக்கிறது. சுகந்தா இதை இந்த வார்த்தைகளில் சொல்லியிருக்க மாட்டார். "எனக்கெண்டு ஒரு மூலை இருந்தா நல்லாயிருக்கும்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஆனந்தராசா சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு மூலை இருக்கே, ஒண்டை எடும்" என்றார்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு ஜோடிச் சுவர் விளக்குகள் வந்தன. பிரான்ஸில் கடற்கரையோரம் மூடப்பட்ட ஏதோ ஓய்வு விடுதியில் இருந்தவை. ஒன்று அப்படியே இருந்தது. மற்றதன் மூடியில் ஒரு நெளிவு. அதன் கையும் எப்போதோ முறிந்து, யாரோ வேறு குழாயை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டு நன்றாகவே தெரிந்தது. பழைய விளக்கு தேடி வருகிறவர்கள் அப்படிப்பட்டதை வாங்கமாட்டார்கள். அவர்களுக்கு விளக்கின் வயது மட்டும் போதாது. அந்த வயதில் அதற்கு ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

விற்காத விளக்கு கிடங்கில் சில மாதங்கள் கிடந்தது. சுகந்தா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் கையை ஒருமுறை திருப்பிவிட்டு வருவார். மதாம் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள், "அதை நீயே எடுத்துக்கொண்டு போ. இங்கே அதற்காக யாரும் காத்திருக்கவில்லை" என்றார். கார்மேகம் புது வயரும் மூன்று முனைப் பிளக்கும் பொருத்திக் கொடுத்தார். பிறகு வேனில் ஏற்றி அல் குசைஸுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

கதவைத் திறந்த ஆனந்தராசா, போர்வையால் சுற்றிய நீளமான உருவத்தையும் அதன் வளைந்த தலையையும் பார்த்தார்.

"இதென்ன, கொக்கோ?"

"லைட்டு சார்," என்றார் கார்மேகம். "ஃபிரான்ஸ் சரக்கு. தலையில ஒரு அடி, கையில ஒரு முறிவு. மத்தபடி ஆளு தெடமா இருக்காரு."

"எங்க வைக்கப் போறீர்?" என்று ஆனந்தராசா மனைவியைக் கேட்டார்.

"சுவரில."

"ஆற்றை சுவரில?"

யாருடைய சுவர் என்று அவர் கேட்டது சுகந்தாவுக்குப் புரிந்தது. கார்மேகம் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். விளக்கு போர்வையோடு துணி அலமாரிக்குப் பின்னால் போயிற்று. அதற்கு அந்த வீட்டில் கொக்கு என்றே பெயர் நிலைத்தது.

அதைச் சுவரில் பூட்டாமல் பயன்படுத்த ஒரு முயற்சி நடந்தது உண்டு. கார்மேகத்தின் யோசனை அது. ஒரு தடித்த பலகையில் விளக்கைப் பூட்டி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வீட்டில் மற்ற எல்லாமே சாய்ந்து நிற்கும்போது இது மட்டும் நிற்காதா என்ற நியாயம். கை நேராக நீட்டி இருந்தவரை நின்றது. சுகந்தா அதை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினார். பலகையும் கூடவே திரும்பி, மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாக, ஆனந்தராசாவின் தேநீர்க் கோப்பைமேல் சாய்ந்தது.

"கொக்குக்கு மீன் வேணுமாம்," என்றார் ஆனந்தராசா, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் துடைத்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு ஒன்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. மற்றப் பொருள்கள் எல்லாம் சுவர் இல்லாமலே காலம் தள்ளிவிடும். இது தள்ளாது. ஒரு பக்கம் உறுதியாகப் பிடித்துக்கொண்டால்தான் மறுபக்கம் நீட்ட முடியும்.

அதன் பிறகு விடுமுறை நாள்களில் போர்வையை விலக்கித் துடைப்பார். திரும்பவும் சுற்றி வைப்பார். ஆனந்தராசா தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அவர் ஒரு சலவைக்கல் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவர். கல்லை உடையாமல் அனுப்புவதே அவருடைய வேலை. "போற இடத்தில சுவரில கொழுவலாம்," என்பார். "சொந்தமா ஒரு இடம் எடுத்தாப் பிறகு. கனடாவில தம்பி செட்டில் ஆகட்டும்." தம்பி என்றது மகன் லக்சனை. படிக்கப் போய், இப்போது அங்கேயே வேலையில் இருந்தான். சுகந்தாவின் மனதில் கொக்கு மெல்லக் கனடாவுக்கு இடம் மாறியது. பனி பெய்யும் ஜன்னல், அதனருகே நாற்காலி. ஆனால் அந்த ஜன்னலை அவரால் சரியாகக் கற்பனை செய்ய முடியவில்லை. எப்படி யோசித்தாலும் அதற்கு வெளியே தெரிந்தது எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகளும், கீழே மலையாளியின் கஃபெத்தேரியாவும், ஷார்ஜா பக்கம் போகும் வாகனங்களின் சிவப்பு விளக்குகளும்தான்.

போன வருடம் ஒரு காலை, லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. உரிமையாளர் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார். ஒரு வருடத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

ஆனந்தராசா அமைதியாக எடுத்துக்கொண்டார். அவர் எப்போதும் கிளம்பத் தயாராக இருந்தவர். கிளம்பச் சொல்வது அவருக்கு ஓர் அதிர்ச்சி இல்லை. "பக்கத்தில நஹ்தாவில ஒரு ஃபிளாட் பாப்பம். ரெண்டு வருசம். பேந்து கனடா." அன்று மாலை லக்சன் வீடியோவில் வந்தபோது சுகந்தா கேட்டார்.

"தம்பி, உன்ர அறையில சுவர் எப்பிடி? பாரமான லைட் ஒண்டு தாங்குமோ?"

லக்சன் சிரித்துவிட்டான். "அம்மா, இது பேஸ்மென்ட் ரென்டல். லேண்ட்லோர்ட் ஒரு போஸ்டரே ஒட்ட விடமாட்டான். நான் எல்லாத்தையும் ஃப்ளோர்லதான் வச்சிருக்கிறன். லுக்." தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். ஒரு கண்ணாடி, இரண்டு படச்சட்டங்கள், ஒரு கிட்டார். எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றன.

சுகந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் அந்தப் பழக்கத்தை எங்கே கற்றான் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவர் மேலே போகாமல் கீழேயே நின்றார். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ராஜிக்கிற்குத் தரைத்தளத்தில் ஒரு சிறிய அறை. கிழக்கிலங்கையில் காத்தான்குடிக்காரர். ஏழெட்டு வருடங்களாக இங்கே இருப்பவர். லிஃப்ட், தண்ணீர், பார்க்கிங் சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"ராஜிக் தம்பி, ஒண்டு கேக்கவேணும். எப்பிடியும் இடிக்கத்தானே போறாங்கள். சுவரில ஒரு லைட் பூட்டினா ஓனர் ஏசுவாரோ? ரெண்டு மூண்டு ஓட்டைதான்."

ராஜிக் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "என்னக்கா இது? இதுக்கா கீழ நிண்டுட்டு இருக்கிய? போடுங்களேன்."

"இடிக்கிறதாலதானே விடுறீங்க?"

"இல்லக்கா. எப்பவும் போட ஏலும்தானே. மூணாம் மாடி எகிப்துக்காரன், அந்த மிஸ்ரிட ஊட்ட ஒருக்காப் போய்ப் பாருங்க. சுவரே தெரியா. படம், ஷெல்ஃப், ஆட்டுத் தலை மாதிரி என்னவோ ஒண்டு, எல்லாம் தொங்குது. போகக்குள்ள ஓட்டைய அடைச்சு பெயிண்ட் அடிச்சாச் செரி. கலாஸ், முடிஞ்சிது."

"போடக் கூடாதெண்டு..."

"ஆரு செல்லின?"

சுகந்தா லிஃப்ட் பக்கம் திரும்பினார். ராஜிக் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ட்ரில் வேணுமெண்டா என்னட்ட இரிக்கி, அக்கா" என்று மட்டும் சொன்னார்.

லிஃப்டில் ஏறி, வீட்டைத் திறந்து, விளக்குப் போடாமல் ஹாலில் நின்றார். வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் சுவர்கள் தெரிந்தன. லக்சன் நர்சரியில் வரைந்த ஒரு யானையை இந்தச் சுவரில் ஒட்டச் சொல்லி அழுததும், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிச் சமாளித்ததும் ஞாபகம் வந்தது. தன் அப்பா இறந்தபோது கொழும்பிலிருந்து வந்த படத்தைச் சுவரில் மாட்டாமல் அலமாரிமேல் சாய்த்து வைத்தது. அது இருமுறை விழுந்து கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு படத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தது. பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சிறியவை எல்லாம் ஒன்றாக வந்து நின்றால் அவற்றுக்கு ஈடு சொல்ல யாரும் அகப்படுவதில்லை.

ஆனந்தராசா வந்ததும் சுகந்தா கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"சுவரில ஓட்டை போடக் கூடாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஏன், என்ன நடந்தது?"

"ஆர் சொன்னது?"

ஆனந்தராசா சப்பாத்தைக் கழற்றாமலே யோசித்தார். "தேராவில, அந்த ஃபிளாட்காரன்... முதல் நாளே சொன்னவன்."

"அது தேரா. இஞ்ச ஆர் சொன்னது?"

ஆனந்தராசா குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். "இஞ்ச ஆரும் சொல்லேல்லைப் போல."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டா இல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள் எண்டுதான்."

சுகந்தா சமையலறைக்குப் போய்விட்டார். அவரால் கோபப்படவும் முடியவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் ஆனந்தராசா மட்டும் இல்லை. கீழே ராஜிக்கின் அறையைத் தாண்டித்தான் அவரும் இத்தனை வருடங்கள் தினமும் போய்வந்தார். விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து பழகியவர்களுக்கு, இல்லை என்ற பதில் வரக்கூடிய எந்தக் கேள்வியையும் கேட்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பாகத் தோன்றிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பில் ஆம் என்ற பதிலும் வராமல் போவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மனிதன் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் யாரோ பறிப்பதால் அல்ல என்று புத்தகங்களில் படிக்கும்போது பெரிய பெரிய உதாரணங்கள் மனதில் வரும். ஒரு ஃபிளாட்டின் சுவரில் ஓர் ஆணி என்பது யாருக்கும் தோன்றாது.

இரண்டு மூன்று நாள் வீட்டில் அதிகம் பேச்சில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. "உப்புப் போதுமே?" "ஓம்." அவ்வளவுதான். ஒருமுறை மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடம் சொல்வது என்றில்லாமல் சுகந்தா சொன்னார்: "எங்கட பிள்ளை ஒரு படமும் கொழுவாத வீட்டில வளர்ந்து போட்டான்."

சனிக்கிழமை காலை ஆனந்தராசா கீழே போய் ராஜிக்கிடம் ட்ரில் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் ட்ரில்லைக் கையில் பிடித்தது அதுவே முதல்முறை. சாரத்தை மடித்துக் கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஜன்னலோரச் சுவரின் முன் போய் நின்றார்.

"கார்மேகத்தைக் கூப்பிடுவமே?" என்றார் சுகந்தா. உப்பைத் தவிர, மூன்று நாளில் கணவரிடம் அவர் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

"வேண்டாம். நான்தான் வேண்டாமெண்டு சொன்னது. நானே போடுறன்."

போட்டார். ட்ரில் சுவருக்குள் பாதி போனது. பிறகு எதிர்ப்பே இல்லாமல் முழுதும் போனது. அவர் வெளியே இழுத்தபோது ஒரு கைப்பிடி சிமெந்தும் கல்லின் மேலோடும் சேர்ந்து வந்தன. சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். உள்ளே இருட்டு.

சத்தம் கேட்டு ராஜிக் மேலே வந்தார். எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்! அண்ணன், லைட் பூட்டுறீங்களா, புது ஜன்னல் வெக்கிறீங்களா?"

"எப்பவும் போடலாமெண்டு நீர்தானே சொன்னனீர்!"

"ஓட்டை போடலாமெண்டு சென்னன் அண்ணன். ஊட்டையே கழட்டலாமெண்டு செல்லல்ல."

சுகந்தா கார்மேகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வீடியோவில் அந்தக் குழியைப் பார்த்து நெடுநேரம் சிரித்தார். "அக்கா, அது உள்ள ஓட்டையான கல்லு. நம்ம கொக்கு நீட்டின கையோட நிக்கிற ஆளு, அது தாங்காது. தட்டிப் பாக்கச் சொல்லுங்க. எங்க சத்தம் கெட்டியா வருதோ அங்க தூணு. அதுல போடுங்க. கரகரன்னுதான் எறங்கும், ட்ரில்லு வெலகாம புடிக்கணும்."

மூவரும் சுவரைத் தட்டிக்கொண்டே போனார்கள். இத்தனை வருடங்களில் அந்தச் சுவரை யாரும் இவ்வளவு தொட்டதில்லை. ஜன்னலிலிருந்து தள்ளி, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில்தான் சத்தம் மாறியது. தூண் அங்கே இருந்தது. சுகந்தா இத்தனை காலம் மனதில் வைத்திருந்த இடத்தில் அல்ல.

"இஞ்சதான். சரியே?" என்றார் ஆனந்தராசா. அவர் கேட்டது தூணைப் பற்றி மட்டுமல்ல என்று அவர் முகத்தில் தெரிந்தது.

சுகந்தா தூணிலிருந்து நாற்காலி வரை கண்ணால் அளந்தார். விளக்கின் கை நீளமானது. "எட்டும்," என்றார்.

கான்கிரீட்டில் ட்ரில் இறங்க மறுத்தது. ஆனந்தராசாவின் தோள் நடுங்கியது. கீழ் மாடியிலிருந்து யாரோ கூரையில் இடித்தார்கள். ராஜிக் பால்கனியில் நின்று கீழே குனிந்து, "அஞ்சு நிமிஷம் பாய், அஞ்சே நிமிஷம்!" என்று இந்தியில் கத்தினார். அது அஞ்சு நிமிடத்தில் முடியவில்லை. மதியத்துக்குப் பிறகுதான் விளக்கு சுவரில் ஏறியது. ராஜிக் விளக்கின் கையைத் திருப்பிப் பார்த்தார், தலையசைத்தார், தன் ட்ரில்லை எடுத்துக்கொண்டு போனார். ஆனந்தராசா தரையைக் கூட்டித் துடைத்தார். உடல் முழுக்க வெள்ளைத் தூசி. குளிக்கப் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மாலையில் சுகந்தா டியூப் லைட்டை அணைத்துவிட்டு இதைப் போட்டார்.

எதிர்பார்த்தது போலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. மூடியின் நெளிவினால் வெளிச்ச வட்டத்தின் ஓர் ஓரம் நெளிந்து விழுந்தது. கேலரியில் மதாம் காட்டும் விளக்குகளின் வட்டம் இப்படி இருக்காது. ஆனால் நாற்காலிமேல் வெளிச்சம் விழுந்தது. சோபாவும் டிவியும் செருப்பு ராக்கும் பின்னால் நகர்ந்துகொண்டன. வாடகை வீட்டின் ஹாலில் ஓர் இடம் உண்டாகியிருந்தது. அது அதிகம் போனால் ஒரு வருடம் இருக்கும். பிறகு தூணோடு சேர்த்து உடைப்பார்கள். சுகந்தாவுக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. வருத்தமாக இருந்தது வரப்போகும் மாதங்களைப் பற்றி அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கத்தைத் திருப்பாமல் இருந்தார். இந்த வெளிச்சத்தில் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கலாம். வீட்டுப்பாடம் செய்திருக்கலாம். இந்த வட்டத்துக்குள் காலை நீட்டித் தூங்கிப்போயிருக்கலாம். இங்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கலாம். எல்லாம் இதே ஹாலில் நடந்தவைதான். ஆனால் எங்கும் ஒரே மாதிரி விழுந்த அந்த வெளிச்சத்தில் நடந்ததால் எதுவும் எந்த இடத்திலும் தங்கியிருக்கவில்லை. ஞாபகத்தில் அவை எல்லாமே நின்றபடி நடந்தவை போல இருந்தன.

ஜன்னலோரத்தில் ஆனந்தராசா காலையில் பிளந்த குழி அப்படியே இருந்தது. வெளிச்சத்தின் நெளிந்த ஓரம் அதைத் தொட்டது.

ஆனந்தராசா இரண்டு கோப்பை தேநீரோடு வந்தார். ஒன்றைச் சுகந்தாவிடம் கொடுத்தார். எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போலச் சற்று நின்றார். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து வட்டத்தின் விளிம்பில் போட்டுக்கொண்டார்.

"வாசிக்கேல்லையோ?"

"இல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எதை?"

"சுவரை."

அவரும் பார்த்தார். தேநீர் ஆறியது. கீழே கஃபெத்தேரியாக்காரன் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"கொஞ்சம் சரிவாத்தான் பூட்டிப்போட்டன் போல," என்றார் ஆனந்தராசா.

"ஓம்," என்றார் சுகந்தா. "சரிவுதான்."

அவர் கையை நீட்டி, விளக்கை ஆனந்தராசா பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டார்.